பூனை வாலைப் பிடித்த கை

"ஊரான் கம்பெனியெல்லாம் தொழாவித் தொழாவிப் பாக்கிறியே, ஒன் தங்கச்சியத் தேட மாட்டியாடா?"

கடலூர் ஆஸ்பத்திரி வார்டில் அம்மா ராமாமிர்தம் இப்படிக் கேட்டபோது, செம்பியன் அவளுக்காகப் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உடம்புக்கு மூடிக் கணக்கில்தான் தண்ணீர். இதற்குமேல் டயாலிசிஸை இந்த இதயம் தாங்காது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வேண்டியவள் ஒருத்திதான். அவள் எங்கே இருக்கிறாள் என்றுதான் யாருக்கும் தெரியாது.

தங்கச்சி தமிழ்ச்செல்வி சில வருஷங்களுக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனது காதல் கீதல் என்று எதற்காகவும் இல்லை. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் பார்க்கும் தாய்மாமன் பொன்னுரங்கத்துக்கு அவளைக் கட்டிவைக்கப் பந்தக்கால் நட்டிருந்தார்கள். "என் தம்பிக்கு என் பொண்ணு, இதுல அவளக் கேக்கறதுக்கு என்னா இருக்கு?" என்று ஒற்றைக்காலில் நின்றவள் இதே ராமாமிர்தம்தான். மறுநாள் காலையில் பெண்ணைக் காணோம். மானம் போச்சே என்று பொன்னுரங்கம் ஆள் வைத்து ஊர் ஊராகத் தேடினார். அன்றைக்குப் போன் நம்பரை மாற்றியவள்தான், பாவம், ஒளிந்தே வாழப் பழகிவிட்டாள்.

செம்பியனுக்குப் பிழைப்பே தேடுவதுதான். திருடன் ஒரு வீட்டுக்குள் நுழையும் முன்னால் தெருவில் நாலு தடவை நடந்து நோட்டம் பார்ப்பான் இல்லையா, அந்த நோட்டத்தை அவனுக்கு முன்னால் பார்த்துச் சொல்லக் கம்பெனிகள் இவனை வைத்திருந்தன. கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது, எந்த ஊழியரின் பெயர் இணையத்தில் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறது என்று சிதம்பரத்து வாடகை அறையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவான். அதற்கான டூல்களை, அதாவது மென்பொருள்களை, எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இனாமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். தொழிலில் கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். உரியவர் சம்மதம் இல்லாமல் கைவைக்கக் கூடாது.

"அவ சம்மதம் இல்லாம தேடக் கூடாதும்மா."

"பெத்தவ நான் சம்மதம் குடுக்கிறேன்டா. போதாதா?"

போதாது. கல்யாணத்துக்கும் இவள்தானே சம்மதம் கொடுத்தாள்? ஆனால் தண்ணீருக்கு ஏங்கி வெடித்துக் கிடக்கும் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு எந்தப் பாவி அதைச் சொல்லுவான்!

கட்டிலோரம் உட்கார்ந்தே தேடினான். பள்ளிக்கூட நாளிலிருந்து செல்வி எதில் கணக்குத் திறந்தாலும் ஒரே பெயர்தான் வைப்பாள். வீட்டில் வளர்ந்த பூனை குண்டுமணியின் பெயர், பின்னால் அவள் பிறந்த வருஷம். அதைக் கொடுத்ததும் டூல் நூற்றுக்கணக்கான தளங்களுக்குப் போய், இந்தப் பெயரில் இங்கே யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் உண்டு என்றது.

படங்கள் போடுகிற தளம். முகம் இல்லை, ஊர் இல்லை, எல்லாம் தெருப்பூனைகள். ஒரே ஒரு படத்தில் மட்டும், கருவளையல் போட்ட ஒரு குழந்தைக் கை பூனையின் வாலைப் பிடித்திருந்தது.

"ஐயோ, என் தங்கமே!" ராமாமிர்தம் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வெரலப் பாருடா. அப்புடியே அவ வெரலு." ஆசையாகத் தடவியதும் படம் நகர்ந்து வேறு பூனை வந்தது. செம்பியன் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான். மறுபடி தடவினாள், மறுபடி ஓடிப்போனது. "இந்தக் கைய ஒருதரம் புடிச்சிட்டாப் போதும்டா. நான் தப்புப் பண்ணிட்டேன்னு அவகிட்ட சொல்லுடா."

அப்போதே அந்தக் கணக்குக்கு நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. வேறு யாருடைய பிள்ளையாகவோ இருந்துவிட்டால் அம்மா இன்னொரு தடவை உடைந்துபோவாள், முதலில் ஊர்ஜிதம் செய்துகொள்வோம் என்று நினைத்தான். சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில், லேப்டாப்பை மடியில் வைத்து, செல்வியின் பழைய மெயில் முகவரியை இன்னொரு டூலில் கொடுத்தான். அது கேட்கிற விதம் வேறு. சில தளங்களில் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று உரியவரைப் போலவே கதவைத் தட்டும். தட்டினால் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். கம்பெனி வேலையில் அந்த டூலை அவன் தொட்டதே இல்லை. அன்றைக்கு என்ன கேடுகாலமோ, தட்டிவிட்டான்.

அந்த மெயில் இன்னும் உயிரோடு இருக்கிறது, பூனைப் படக் கணக்கைத் திறந்ததும் அதை வைத்துத்தான் என்று பதில் வந்தபோது பஸ் செம்மங்குப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்து சீட்டுக்காரர், "நல்ல சேதியா தம்பி?" என்றார்.

"ஆமாங்க. தங்கச்சி கெடச்சிட்டா."

சிதம்பரத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எழுதினான். 'செல்வி, அண்ணன். அம்மாவுக்கு ரொம்ப முடியல.' அனுப்பினால் போகவில்லை. திரும்பப் பார்த்தால் பக்கமே இல்லை. மெயிலுக்கு எழுதினான், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யாரோ உங்கள் கணக்கைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குச் செய்தி போயிருக்கும். மற்றவர்கள் சலித்துக்கொண்டு அழித்துவிடுவார்கள். அவளுக்கு அது வாசலில் வந்து நிற்கிற பொன்னுரங்கம் மாமா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லாக் கதவையும் சாத்திவிட்டாள்.

வேலையில் கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் படம்பிடித்து வைப்பவன், இந்தக் கைப் படத்தை மட்டும் எடுத்து வைக்கவில்லை. தங்கச்சியைப் போய் வேலை மாதிரி நடத்துவதா என்று கூச்சமாக இருந்தது.

மறுநாள் வார்டுக்குள் நுழைந்ததுமே, "கையக் காட்டுடா," என்றாள் ராமாமிர்தம். தலை சீவி, பொட்டு வைத்திருந்தாள். அவன் போனை எடுத்தான். இப்படி ஒரு பக்கமே இல்லை என்றது திரை. மறுபடி மறுபடி திரையைத் தட்டினான்.

"சிக்னல் இல்லியா? உள்ள எப்பவுமே இழுக்காதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. வெளிய போயி பாரு சாமி."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். வார்டு ஜன்னலில் அம்மா தெரிந்தாள். எப்படியோ எழுந்து, கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் மேலே தூக்கு என்று கையைக் காட்டினாள். தூக்கினான். இன்னும் மேலே என்றாள். குதிகாலை உயர்த்தி, கை எட்டின மட்டும் அந்த வெறும் திரையைத் தூக்கிப் பிடித்தான்.