வீடு ஜகதாம்பாள் பேரில்

கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஜகதாம்பாளின் கைபேசி அடித்தது. பாளையங்கோட்டையிலிருந்து வீட்டுக்காரர்.

"இறங்கிட்டியா? டாக்சிக்காரன் சொல்லுத ரேட்டுக்கு ஏறிராத. கிடர்பூர்னா கூடக் கேப்பான்."

"முப்பது வருசம் இந்த ஊர்ல குப்பை கொட்டுனவ நான். எனக்குத் தெரியாதா?"

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் பரமசிவம்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கிடர்பூரில் அந்த இரண்டு அறை ஃபிளாட்டை வாங்கியபோது எதையோ யோசித்து மனைவி பேரில் பதிந்தார். பதிந்ததோடு சரி. வரி கட்டுவது, ஆள் குடிவைப்பது, அசோசியேஷனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவரேதான். சொந்த ஊருக்குப் போன பிறகும் போனிலேயே நடத்திக்கொண்டிருந்தார். இப்போது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளைக்குப் பிரயாணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமை வீட்டைப் பார்வையிட வருவார்கள், உரிமையாளர் இருக்க வேண்டும். உரிமையாளர் யார் என்று பார்த்தால், ஜகதாம்பாள்.

அவள் ரயிலேறிய பிறகுதான் மனுஷர் போனில் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். வீட்டை வாடகைக்கு விட்டு மூன்று வருடமாகியும் வரிக் கணக்கில் தாங்களே குடியிருப்பதாகத்தான் இருக்கிறது. மாற்றினால் வரி கூடும் என்று விட்டுவிட்டார். குடியிருப்பவரின் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதையும் கொடுக்கவில்லை.

"அது ஏன் கொடுக்கல?"

"நம்ம தமிழ்ப் பொண்ணுதானே குடியிருக்கு. அதுக்குப் போய் போலீஸ் எதுக்குட்டி?"

அந்தத் தமிழ்ப் பொண்ணுக்குத்தான் போலீஸ் வேண்டியிருந்தது. மஹிமா கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த நர்ஸ். துபாயில் வேலை தயாராக இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வந்தபோது, இந்த விலாசத்தில் வாடகைக்கு ஆள் இருப்பதாக ஸ்டேஷனில் ஒரு தகவலும் இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பரமசிவத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். "பாக்கலாம்மா" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வாங்க மாஷிமா," என்று கதவைத் திறந்தாள் மஹிமா. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நாளைக்கு முதல்ல போலீஸ் ஸ்டேஷன் போயிடலாமா? அங்கிள்கிட்ட சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்குது."

வியாழன் காலை இருவரும் போனார்கள். போட்டோ ஒன்று குறைந்தது. அதை எடுத்து வந்தால் ஆதார் நகல் மங்கலாக இருந்தது. நகல் எடுக்கப் போனால் கடையில் கரண்ட் இல்லை. பஸ்ஸுக்கும் கைவண்டிக்கும் லாரிக்கும் நடுவே எதிர்ப்பக்கத்துக் கடைக்குக் கடந்து போய் வருவதற்குள் ஜகதாம்பாளின் புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. இதற்கு நடுவே போன் வேறு. "என்ன ஆச்சு? என்ன கேக்கான்? போனை அவன்கிட்ட குடு, நான் பேசுதேன்."

"நீங்க பேசுனதெல்லாம் போதும், வையுங்க."

ஒருவழியாக முத்திரை விழுந்தது. மஹிமா அந்தத் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடியும் போன்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. அந்த ஆபீசர் வந்தா, மஹிமா நம்ம சொந்தக்காரப் பொண்ணு, நம்மகூட இருக்கான்னு சொல்லிரு. வரி ஏறாது."

ஜகதாம்பாள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். "காலையில போலீஸ்ல வாடகைக்கு இருக்கான்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். மத்தியானம் சொந்தக்காரின்னு சொல்லணுமா? என்னங்க பேசுதிய?"

"ரெண்டு ஆபீசும் உக்காந்து பேசிக்கவா போவுது? சொன்னதைச் செய்."

"நான் மாட்டேன்."

அரை மணி நேரம் பேசினார். வரி எப்படி ஏறும், அபராதம் எப்படி வரும், கடைசியில் வீட்டையே விற்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் பேசினார். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிகிறது என்றும் சொன்னார். கடைசியில் அவளுக்குத் தலைவலிதான் மிச்சம். "சரி, சொல்லித் தொலைக்கேன்" என்றாள். மஹிமாவுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் காலையெல்லாம் தனக்காக வெயிலில் அலைந்த அம்மாள் கேட்கும்போது எப்படி மறுப்பது என்று தலையாட்டி வைத்தாள்.

வரி அலுவலர் குடையோடு வந்தார். ஒல்லியான, களைத்துப்போன மனிதர். அறைகளை அளந்தார், பால்கனியைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பரமசிவம் சொல்லியபடி போன் மேஜைமேல் திறந்தே கிடந்தது.

"இந்தப் பெண் யார்?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

"சொந்தக்காரப் பொண்ணு. எங்ககூட இருக்கா," என்றாள் ஜகதாம்பாள், மார்க்கெட்டில் பழகிய பழைய வங்காளத்தில்.

அலுவலர் எழுதிக்கொண்டே, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்: "ஓ, உங்கள் அண்ணன் மகளா, கணவரின் அக்கா மகளா?"

தமிழில் மருமகள் என்று ஒரே சொல்லில் மழுப்பியிருக்கலாம். வங்காளத்தில் அண்ணன் மகள் 'பாய்ஜி', புருஷனின் அக்கா மகள் 'பாக்னி', தப்பவே வழியில்லை.

"பாக்னி," என்றாள் ஜகதாம்பாள்.

"பாய்ஜி," என்றாள் மஹிமா, அதே நொடியில்.

அவர் பேனா நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேஜைமேலிருந்து பரமசிவத்தின் குரல் வெடித்தது. "எங்க அக்கா மவள்னு சொல்லுட்டி! அக்கா மவ!"

"அது யார்?" என்றார் அலுவலர்.

ஜகதாம்பாளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. ரயிலில் இரண்டு நாள், வெயிலில் அரை நாள், இப்போது இந்த வயதில் ஒரு திருட்டு முழி. எல்லாம் யாருக்காக? போனை எடுத்து அணைத்தாள்.

"அது என் புருஷன். இவ எங்களுக்குச் சொந்தமில்ல. மூணு வருசமா வாடகைக்கு இருக்கா. காலையில போலீஸ்லயும் எழுதிக் குடுத்தாச்சு. என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க."

மஹிமா அந்தத் தாளை எடுத்து வந்து நீட்டினாள். அவர் படித்துவிட்டு, சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "முதலிலேயே சொல்லியிருக்கலாமே மாஷிமா. இப்போது எல்லாவற்றையும் அடித்து எழுத வேண்டும்," என்று மட்டும் சலித்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கும் சேர்த்துத் திருத்திய பில் வரும், நாளை அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் அலுவலகத்தில் தொடர்புக்கு எந்த எண் என்று கேட்டார்கள். பரமசிவத்தின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தித் தன்னுடையதைச் சொன்னாள். திரும்பி வந்ததும் கைபேசியில் வரி கட்டுவது எப்படி என்று மஹிமா சொல்லிக் கொடுத்தாள். அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஒரு சாயங்காலம் பிடித்தது.

பாளையங்கோட்டைக்குத் திரும்பியபோது பரமசிவம் பேசவில்லை. கண்ணில் மருந்து விட மட்டும் முகத்தை நிமிர்த்திக் காட்டுவார். மஹிமாவுக்குப் பாஸ்போர்ட் வந்த செய்தியைச் சொன்னபோதும் "ம்" என்றதோடு சரி. திருத்திய பில் அவள் கைபேசிக்கு வந்த அன்றுதான் வாய் திறந்தார்.

"பில்லு வந்திருக்குமே. குடு, எப்பிடிக் கட்டணும்னு பாக்கேன்."

"காலையிலேயே கட்டியாச்சு."

"யாரைக் கேட்டுக் கட்டுன?"

"வீட்டுக்காரியைக் கேட்டு," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு கிலோ கத்தரிக்காயோடு திரும்பி வந்தார். அதன் விலையைப் பற்றி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்.