ஒரு குளவிக்கு இரண்டு பெயர்

ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏற, இடுக்கியைக் குப்பிக்குள் விட்டுத் துழாவினேன். ஒன்றை இழுத்தால் இரண்டு வந்தன. இறக்கையில்லாத ஒரு பெண் குளவி; அதன் கழுத்தைக் கவ்வியபடி, இறக்கையுள்ள ஓர் ஆண் குளவி. இணை பிரியாமலே இரண்டும் செத்திருந்தன. கூடவே போட்டிருந்த காகிதத் துண்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் பூச்சி பிடிக்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் குண்டு குண்டான எழுத்து: ‘ஆண் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது வலையில் விழுந்தவை. இது என்ன இனம் ஐயா?’

என்ன இனம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் குளவிக்குப் பெயர் வைத்தவனே நான்தான். அது என் மகளின் பெயர். தொல்லை அந்த ஆணால் வந்தது. அதையும் எனக்குத் தெரியும். நூறு வருடங்களுக்கு முன்னால் பூச்சி சேகரித்த யாரோ ஒரு மருத்துவர் அதற்கு வேறொரு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டும் வேறு வேறு இனம் என்று நானும் உலகமும் பதினோரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தோம். வேறு வேறு இனங்கள் இப்படி ஒட்டிக்கொண்டு சாவதில்லை.

இந்த வகைக் குளவிகளில் ஆணும் பெண்ணும் தூரத்துச் சொந்தம் மாதிரிகூட இருக்காது. பெண் தரையில் ஓடும்; எறும்பு என்று நினைத்துத் தொட்டால் அலற வைத்துவிடும். ஆண் பறக்கும். ஆணைப் பார்த்தவர் ஒரு பெயர் வைப்பார், பெண்ணைப் பார்த்தவர் இன்னொன்று வைப்பார். பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று தெரியவந்தால் எங்கள் தொழிலில் பஞ்சாயத்தே கிடையாது. முதலில் வைத்த பெயர் நிற்கும், பின்னால் வைத்தது விழும். அது யாருடைய பெயர், எதற்காக வைத்தது என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்.

நானும் கேட்டதில்லை. எங்கள் பூச்சி ஆராய்ச்சிக் கட்டடத்தில் அவரவர் பூச்சிதான் அவரவர் பெயர். ஈக்காரர், வண்டுக்காரம்மா, சிலந்தி அண்ணன். எனக்கு மட்டும் ‘கோர்ட்டு’ என்று பெயர், முதுகுக்குப் பின்னால். மற்றவர்கள் அவசரப்பட்டு வைத்த பெயர்களைத் தள்ளுபடி செய்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஈக்காரர் தன் அம்மாவின் பெயரை ஓர் ஈக்கு வைத்திருந்தார். எங்கள் பொதுப் பட்டியலைச் சரிபார்த்தபோது, அது ஏற்கெனவே பெயருள்ள பழைய ஈதான் என்று நான் கண்டுபிடித்து எழுதிவிட்டேன். “அது எங்கம்மா பேரு சார்” என்றார், சிரித்துக்கொண்டேதான். “ஈக்குத் தெரியுமா அது உங்கம்மான்னு?” என்று நானும் சிரித்தேன். அன்று அவர் டீ குடிக்க வரவில்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை.

என் மகள் எட்டு வயதில், ஆறு நாள் காய்ச்சலில் போனாள். பூச்சி என்றாலே அவளுக்கு ஆகாது. என் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, முழங்கை வரை கழுவிக் காட்டினால்தான் பக்கத்தில் விடுவாள். அப்படிப்பட்டவளின் பெயரைக் கொண்டுபோய் ஒரு குளவிக்கு வைத்தேன். வேறென்ன இருந்தது என் கையில்? அந்தப் பெண் குளவி இரண்டு வருடமாக என் மேஜையில் பெயரில்லாமல் கிடந்தது. ஆண் கிடைக்கும்வரை பெயர் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், அவள் போன நாலாம் மாதம், ஆண் கிடைக்காமலே கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். என்னால் காத்திருக்க முடியவில்லை. அழியாத ஓரிடத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் வரைந்தது என் மனைவி. இங்கே பூச்சிகளுக்குப் படம் வரைவதுதான் அவள் வேலை. மைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து வரைவாள். அந்தக் குளவிக்கு மட்டும் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டாள். வீட்டில் மகளின் பெயரைச் சொல்வதை நாங்கள் நிறுத்தியிருந்தோம். சொன்னால் அன்று அடுப்பு எரியாது. ஆனால் எந்த நாட்டிலாவது, யாராவது ஒரு கட்டுரையில் அந்தக் குளவியைக் குறிப்பிட்டால், அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து ஒரு கோப்பில் வைப்பாள். ஒன்பது பக்கம் சேர்ந்திருந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். எங்கள் பிள்ளை ஒன்பது பக்கம் வளர்ந்திருந்தாள்.

இரண்டு குளவிகளிலிருந்தும் ஒவ்வொரு கால் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். மூன்று வாரமும், நான் பார்த்தது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் முறை. பதில் ஒரே வரியில் வந்தது. இரண்டும் ஒன்றுதான்.

மனைவியை என் அறைக்கு அழைத்துவந்து மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தேன். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

“இது அந்தப் பழைய ஆண்தானே?” என்றாள், கண்ணை எடுக்காமல்.

“ஆமா.”

“அப்ப நம்மளது?”

“விழுந்துடும்.”

மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து, “யாருக்கெல்லாம் தெரியும்?” என்றாள்.

“நமக்கு மட்டும்தான். லேபுக்கு வெறும் நம்பர்தான் தெரியும். ஆனா அந்த டீச்சர், என்ன இனம்னு கேட்டு ரெண்டு லெட்டர் போட்டுட்டாங்க.”

“தெரியலன்னு எழுதிடுங்க.”

“எப்படிம்மா...”

“எப்படின்னா? தெரியலன்னு எழுதக் கை வராதா? இத்தனை வருஷம் ஊர்ல இருக்கறவங்க பேரையெல்லாம் வெட்டினீங்களே, நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? உங்க கோர்ட்டையெல்லாம் வெளியில வச்சுக்கங்க. இது நம்ம பொண்ணு.”

குப்பியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் அதை எங்காவது கொட்டித் தொலைத்துவிட்டால் நல்லது என்றுதான் நினைத்தேன். கோர்ட்டே திருட்டுக்குத் துணை போகத் தயாராக இருந்தது. அன்று மதியம் ஈக்காரரின் அறைக்குப் போனேன். “உங்க அம்மா விஷயத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். அவர் தலை நிமிராமல், “அதெல்லாம் எப்பவோ முடிஞ்சது சார், விடுங்க” என்றார். முடியவில்லை என்று அவர் குரலில் தெரிந்தது. திரும்பி வந்தேன்.

பன்னிரண்டு நாள் எங்களுக்குள் உப்பு இருக்கிறதா, கதவைப் பூட்டியாயிற்றா என்பதற்கு மேல் பேச்சில்லை. பதின்மூன்றாம் நாள் காலையில் ஒரு தாளுடன் என் அறைக்கு வந்தாள். மேஜைமேல் வைத்தாள். ஆணும் பெண்ணும், குப்பியில் இருந்தபடியே, ஒட்டிக்கொண்டு.

“பெண்ணை மட்டும் வரைஞ்சுட்டு குப்பியைத் தூரப் போட்டுடலாம்னுதான் உக்காந்தேன்” என்றாள். “வயிறு, இடுப்பு எல்லாம் முடிச்சுட்டேன். கழுத்துகிட்ட வந்தா, அவனோட தாடை குறுக்க வருது. அதை விட்டுட்டு வரைஞ்சா அந்த இடத்துல வெள்ளையா ஓட்டை விழுது. எத்தனை புள்ளி வச்சாலும் அது பொய்யாத்தான் தெரியுது.” தாளை என் பக்கம் நகர்த்தினாள். “எழுதிடுங்க.”

எழுதினேன். இரண்டே பக்கம். விழுந்த பெயரை எங்கள் தொழிலில் யாரும் அழிப்பதில்லை. நின்ற பெயருக்குக் கீழே, கொஞ்சம் உள்தள்ளி, சின்ன எழுத்தில் அது இருக்கும். இனி எவரும் அதைச் சொல்லி அந்தக் குளவியை அழைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இதை அவளுக்கு ஆறுதலாகச் சொல்லப் பார்த்தேன். “எனக்குத் தெரியும். பேசாம இருங்க” என்றாள்.

கட்டுரையை அனுப்பும் முன் பெயர்ப் பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஓர் எழுத்து பிசகினாலும் அந்தப் பிசகு நூறு வருடத்துக்கு நிற்கும். நான் படித்தேன். நின்ற பெயர், அதை வைத்தவர், வருடம், பக்க எண். அடுத்த வரியில், உள்தள்ளி இருந்த மகளின் பெயரில் நின்றுவிட்டேன். அவள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், பென்சிலை என்னிடம் தந்தாள்.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தாள். லத்தீன் பெயரைப் படிக்கிற குரல் இல்லை அது. சாப்பாடு ஆறிப்போகிறது என்று மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கூப்பிடுகிற குரல். அதற்குப் பிறகு என் பெயர் இருந்தது, வருடம் இருந்தது, பக்க எண் இருந்தது. அவற்றை அவள் படிக்கவில்லை. கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவளைப் போல அப்படியே நின்றாள். நானும் பென்சிலைப் பிடித்தபடி, மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.