பன்னிரண்டடிக் கீற்று

எதிலும் மூக்கை நுழைக்கும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வக்கீல் தொழிலில் அது பாதி நேரம் வம்பில்தான் முடியும்.

அமிர்தியில் அடமானத்தில் இருந்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தையும் அதிலிருந்த ஓட்டு வீட்டையும் விற்றுக் கடனை அடைக்க, நீதிமன்றம் என்னை ரிசீவராகப் போட்டது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டார். அவர் மனைவி சகுந்தலா அந்த வீட்டில் தனியாக இருந்தார். வீடு போனால் அவருக்குப் போக்கிடம் இல்லை. முதல் நாள் எனக்கு மோர் கொடுத்துவிட்டு, எப்போது காலி செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

ஏல அறிவிப்பைப் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர், பின்பக்கத்து நிலக்காரர் அருள்மணி. மூன்று முறை வந்தார். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை, வீட்டுக்குள் நுழையவில்லை. ஒவ்வொரு முறையும் கிழக்கு வரப்பைக் காலால் அளந்துவிட்டுப் போனார். நிலம் வாங்க வருகிறவர் ஓரத்தை மட்டும் ஏன் அளக்க வேண்டும்? அது என் மண்டையைக் குடைந்தது.

ஒருநாள் நானே அந்த வரப்பில் ரோட்டிலிருந்து பின்பக்க எல்லை வரை நடந்தேன். முள்வேலிக்கு அப்பால் அருள்மணியின் வாழைத்தோப்பு. அதை ஒட்டிப் புவனா என்பவரின் நிலம். இரண்டுக்கும் பின்னால் காப்புக்காடு. இரண்டு நிலத்துக்கும் வண்டி போக வழியே கிடையாது. ஆட்கள் வாழைத்தாரைத் தலையில் வைத்து ஓடையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அருள்மணிக்கு வேண்டியது ரோட்டுக்கு ஒரு வழி. போட்டி இல்லாததால் வீட்டோடு சேர்த்துச் சல்லிசாக அடிக்கப் பார்த்தார்.

ரிசீவர் யாருடைய ஆளும் இல்லை. கிடைக்கிற நல்ல விலைக்கு விற்க வேண்டும். கடன் தீரும் அளவுக்கு மேல் விற்கக் கூடாது. நான் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, கிழக்கு ஓரத்தில் ரோடு வரை போகும் பன்னிரண்டடி அகலக் கீற்றை மட்டும் முதலில் தனியாக ஏலம் விட அனுமதி வாங்கினேன். புது அறிவிப்பில் வழி விவரத்தை எழுதி, புவனா கையிலும் ஒன்று கொடுத்தேன். அருள்மணி என்னைத் தேடி வந்தார்.

"பழைய நோட்டீசு மாதிரியே உட்டுருங்க சார்."

முடியாது என்றேன்.

ஏலத்தன்று சகுந்தலா பாத்திரங்களை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார். அருள்மணியும் புவனாவும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றினார்கள். கடைசியில் அருள்மணி எடுத்த விலையில் கடனும் வட்டியும் செலவும் தீர்ந்து கொஞ்சம் மிஞ்சியது.

அவர் பணம் கட்டி, நீதிமன்றம் விற்பனையை உறுதி செய்ததும் நானே போய்ச் சொன்னேன்.

"வீடு உங்களுதுதாம்மா. விக்க வேண்டியதில்ல."

சகுந்தலா அப்படியே உட்கார்ந்து அழுதார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தோடு கிளம்பியிருக்கலாம். என் புத்தி விடவில்லை. அந்தக் கடனை அவர் கணவர் எதற்கு வாங்கினார் என்று கேட்டேன்.

"அருள்மணி அப்பாரு அந்த ஓரத்துல வழி கேட்டாருங்க. குடுக்க மாட்டேன்னு என் வூட்டுக்காரரு கேசு நடத்துனாரு. அதுக்கு வாங்குனதுதான் சார்," என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டாருங்க."