ஆள்காட்டிக்குப் பின்னால்

நான் எடுத்த மீன்கொத்திப் படத்தைக் காட்டியே என் வாயை அடைத்தார் உமாசங்கர். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உமாசங்கர் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர். ஹைதராபாத்தில், கச்சிபௌலியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் அபார்ட்மெண்ட். இரண்டு பிளாக், பின்னால் ஒரு குண்டா. இந்த ஊரில் சின்ன ஏரிக்கு அதுதான் பெயர். ஏ பிளாக் குண்டாவின் இந்தக் கரையில், பி பிளாக் வளைந்துபோய் எதிர்க்கரையில். நான் மைதிலி, ஏ பிளாக். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டிலும் அதே குணத்தைச் சம்பளமில்லாமல் காட்டுகிறேன் என்று என் கணவர் கிரி சொல்வார்.

சங்கக் கூட்டம் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை, கீழே கார் நிறுத்தும் செல்லாரில். விஷயம் இதுதான்: குண்டாவை ஒட்டி பில்டர் ஒரு கிளப் ஹவுஸும் கூடுதல் பார்க்கிங்கும் கட்டித் தருவாராம். நாங்கள் "ஆட்சேபம் இல்லை" என்று கை தூக்கினால் போதும்.

"ஒட்டியா, உள்ளேயா?" என்று எழுந்து கேட்டேன். "தினம் விடியக்காலைல டிப்பர் லாரி வந்து குண்டாக்குள்ள இடிச்ச கட்டட மண்ணைக் கொட்டிட்டுப் போகுது. பாதிக் குண்டா போயாச்சு."

உமாசங்கர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"லாரியா? என் பால்கனி நேரா அங்கதான் மேடம் பாத்துண்டிருக்கு. தினம் காலைல காபியோட அங்கதான் நிக்கறேன். ஒரு லாரியையும் நான் பாத்ததில்ல. முதல்ல அது ஏரியே இல்ல, மழைத்தண்ணி நிக்கற பள்ளம்."

பி பிளாக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பால்கனிகளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"மூணு வருஷமா பெரிய குழாயை வச்சிண்டு அங்கயே நிக்கறேளே, ஒரு போட்டோ இருக்குமே? காட்டுங்கோ" என்றவர், சுவரில் தொங்கிய கேலண்டரைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார். பில்டர் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்த கேலண்டர். ஏப்ரல் மாதத்துக்கு நான் எடுத்த மீன்கொத்தி. "இதோ, மேடம் எடுத்ததுதான். பின்னாடி எவ்வளவு பச்சைப் பசேல்னு இருக்கு! இதுல எங்க மண்ணு, எங்க லாரி?"

கைதட்டினார்கள். என் படத்துக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான்.

அந்தப் பச்சை என்னவென்று எனக்குத் தெரியும். மண் கொட்டுவது வெளியே தெரியாமல் இருக்க பில்டர் கட்டியிருந்த பச்சை வலை அது. "அது மரம் இல்ல சார், வலை!" என்று கத்தினேன். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். முகமெல்லாம் எரிந்தது. அடுத்த ஞாயிறு வரை ஓட்டெடுப்பைத் தள்ளிப்போடுங்கள், ஆதாரத்தோடு வருகிறேன் என்றேன். உமாசங்கர் கேக் வெட்டிக் கொடுப்பதுபோல ஒரு வாரத்தைப் பெரிய மனதோடு கொடுத்தார்.

அன்று மத்தியானமே ஸ்டெஃபி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னோடு விடிகாலையில் பறவை பார்க்க வருகிற ஒரே ஜீவன். இரண்டு பேரும் உட்கார்ந்து என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்களையெல்லாம் புரட்டினோம். நாமக்கோழி, நீர்க்காகம், முக்குளிப்பான், வாலாட்டி. ஒவ்வொன்றின் இறகையும் எண்ணிக்கொள்ளலாம் போலத் தெளிவு. பின்னால் மட்டும் பச்சைக் கூழ், பழுப்புக் கூழ்.

பறவைப் படம் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இருக்கும் பைத்தியம் இது. லென்ஸின் துவாரத்தை, அதாவது அபர்ச்சரை, எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு திறப்போம். அப்போது பறவை மட்டும் தெளிவாக விழும். அதன் முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். கரைய வேண்டும் என்றுதான் ஆயிரக்கணக்கில் கொட்டி லென்ஸ் வாங்குகிறோம். பின்னணி வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று யாராவது எழுதினால் அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும். மூன்று வருடமாக நான் அந்தக் குண்டாவைப் படமெடுக்கிறேன். ஒரு படத்தில்கூடக் குண்டா இல்லை.

"ஃபோகஸ் தாவினதெல்லாம் இருக்குமேக்கா?" என்றாள் ஸ்டெஃபி. "பறக்கிறப்போ பின்னாடி லாரி வந்தா ஃபோகஸ் லாரிக்குப் போய்ருமில்ல?"

போகும்தான். பறக்கும் பறவையை விடாமல் துரத்துகிற தொடர் ஃபோகஸில் கேமராவை வைத்திருப்பேன். அதற்குப் பறவை எது, லாரி எது என்று தெரியாது. பெரியதாக எது குறுக்கே வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படி லாரி தெளிவாகவும் பறவை மங்கலாகவும் விழுந்த படங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே அழித்திருக்கிறேன்.

"டெலீட் பண்ணிட்டேன்" என்றேன்.

"ஹவ், நீங்க பண்ணுவீங்க" என்றாள் ஸ்டெஃபி. இந்த ஊர் ஹிந்தியில் 'ஹவ்' என்றால் 'ஆமாம்'.

மறுநாள் காலை கிரி தன் ஃபோனில் லாரியை எடுத்து சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். நல்ல எண்ணம்தான். பெரிதாக்கினால் நம்பர் பிளேட் கட்டம் கட்டமாக உடைந்தது. உமாசங்கர் உடனே பதில் போட்டார்: "இந்த ஊரில் லாரி இல்லாத இடம் எது? இது எங்கே எடுத்ததோ!" கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அப்போதுதான் எனக்கு என்ன வேண்டும் என்று புரிந்தது. லாரி மட்டும் போதாது. இது பள்ளமில்லை, உயிருள்ள ஏரி என்று காட்ட ஒரு பறவை வேண்டும். வேறெங்கோ எடுத்ததில்லை என்று காட்ட எங்கள் கட்டடமும் வேண்டும். மூன்றும் ஒரே படத்தில், மூன்றும் தெளிவாக.

பறவை தயாராக இருந்தது. எங்கள் பின்கேட்டுக்கு வெளியே, சரளைக் கல் நடுவில், ஓர் ஆள்காட்டி முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் தரைதான். கேட் பக்கம் நடக்கிறவர்களுக்கெல்லாம் பழகிப்போன பறவை அது. ஒவ்வொரு நாளும் மண்மேடு அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கை தூக்கிவிட்டால் திங்கட்கிழமை முட்டைகள் மண்ணுக்கடியில்.

பெரிய லென்ஸ் இதற்கு உதவாது. அதில் துவாரத்தை எவ்வளவு சுருக்கினாலும் பறவையும் லாரியும் சேர்ந்து தெளியாது. கேமராவோடு இலவசமாக வந்த சின்ன லென்ஸ் ஒன்று பீரோவில் கிடந்தது. கிட் லென்ஸ் என்று நாங்களெல்லாம் கேலி செய்வது. தூசி தட்டி எடுத்து மாட்டினேன்.

வியாழக்கிழமை விடியும்போது நானும் ஸ்டெஃபியும் பின்கேட்டில் நின்றோம். கம்பிகளுக்கு நடுவே லென்ஸை நுழைத்து, அபர்ச்சரை எஃப் பதினொன்றுக்குச் சுருக்கினேன். துவாரம் சுருங்கச் சுருங்க வெளிச்சம் குறையும். அரைகுறை விடியலில் அதைச் செய்கிறவரைப் பார்த்தால் எங்கள் பறவைக் குழுவில் யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ள மாட்டார்கள். குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றினேன்.

"ஐஎஸ்ஓ ரொம்ப ஏத்துறீங்கக்கா. படம் பூரா புள்ளி புள்ளியா வரும்."

"வரட்டும். கேலண்டருக்கா எடுக்கிறேன்?"

கேமராவையே ஃபோகஸ் செய்துகொள்ளச் சொன்னால் அது முதலில் புல்லைப் பிடித்தது. பிறகு கேட் கம்பியைப் பிடித்தது. எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் அதற்கு முக்கியம். நீ தேர்ந்தெடுத்தது போதும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளி, ஒருமுறை பிடித்தால் நகராத ஒற்றை ஃபோகஸ். அந்தப் புள்ளியை ஆள்காட்டியின் மேல் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் துவாரம் நிஜமாகவே சுருங்கி, படம் எப்படி விழும் என்று முன்கூட்டியே காட்டும். அழுத்தினேன். கண்ணெதிரே எல்லாம் இருட்டிப்போனது. ஆனால் அந்த இருட்டுக்குள் பறவை, மண்மேடு, கிழிந்த பச்சை வலை, எதிர்க்கரைக் கட்டடம் என்று ஒவ்வொன்றாக விளிம்பு கட்டி வந்து நின்றன. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தைப் பார்த்தேன்.

லாரி பின்னோக்கி வந்தது. ஆள்காட்டி ஓடவில்லை. இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு சக்கரத்துக்கு எதிரே போய் நின்று கத்தியது. ஒரு சாண் உயரப் பறவை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒளிப்பானேன். எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். டிரைவர் கண்ணாடியில் பறவையைப் பார்த்திருக்க வேண்டும். பிரேக் போட்டு, லாரியை ஒடித்து, மண்ணைத் தள்ளிக் கொட்டிவிட்டுப் போனார். அவருக்கு இருந்த அந்தக் கொஞ்ச இரக்கம்தான் நான் சங்கத்திடம் கேட்டது.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது படம் ஸ்டெஃபி சொன்னதுபோலப் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. சிறகு விரித்த பறவை தெளிவு. லாரியின் நம்பர் பிளேட், படிக்கலாம். பின்னால் பி பிளாக். அதைப் பெரிதாக்கிய ஸ்டெஃபி திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் சிவப்பு உடற்பயிற்சி சைக்கிள் நிற்கும் பால்கனி. ஏப்ரல் மாதத்திலும் மஞ்சள் குரங்குக் குல்லா போடுகிற மனிதர் எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர்தான். கையில் டம்ளர். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, நிதானமாக லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மட்டுமில்லை. மேலே, கீழே, பக்கத்தில், பால்கனிக்குப் பால்கனி ஆட்கள்.

சனிக்கிழமை லிஃப்ட் வாசலில் உமாசங்கர் என்னைப் பிடித்தார். ஏதோ எடுத்திருக்கிறேன் என்று காதுக்குப் போயிருக்கிறது.

"மேடம், நமக்குள்ள எதுக்கு? பில்டர்ட்ட பேசிட்டேன். அடுத்த வருஷக் கேலண்டர்ல பன்னெண்டு மாசமும் உங்க படம்தான். உங்க பேரோட."

மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால் நான் கிறங்கிப்போயிருப்பேன். "நாளைக்கு ஒரு படம் காட்டறேன் சார். அது எந்த மாசத்துக்கு ஆகும்னு பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினேன். அவரோடு ஒரே லிஃப்டில் போகப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்லாரில் டிவியை வைத்து அந்த ஒரு படத்தைப் போட்டேன். முதலில் எல்லாரும் பறவையைப் பார்த்தார்கள். "அய்யோ பாவம்" என்று ஒரு குரல். பிறகு லாரியைப் பார்த்தார்கள். யாரோ நம்பரை வாய்விட்டுப் படித்தார். நான் பெரிதாக்கும் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டே போனேன்.

"அது எங்க பால்கனி இல்ல?" என்றாள் காஞ்சனா, பி பிளாக் இரண்டாம் மாடி. அடுத்த நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது. "நான்தான். துணி காயப்போட்டுட்டு நிக்கிறேன்."

அதன் பிறகு மேல் மாடியை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் குல்லா டிவியில் நன்றாகவே எடுப்பாகத் தெரிந்தது.

"மூணு வருஷமா எல்லாரும் பாத்துட்டுதான் இருந்தோம்" என்றாள் ஸ்டெஃபி. "கைக்கு இன்னும் சும்மா இருக்கணும்?" இந்த ஊர் ஹிந்தியில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.

உமாசங்கர் என் பக்கம் குனிந்தார். குரல் தணிந்திருந்தது. "பேக்கிரவுண்டைக் கொஞ்சம் மங்கலாக்கியிருக்கலாமே மேடம்."

"மங்கலாத்தான் எடுத்துக்கிட்டிருந்தேன் சார். நீங்க அதைக் கேலண்டராப் போட்டு, அதையே என் மூஞ்சிக்கு நேரா ஆட்டினீங்க." எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "இப்ப ஓட்டுக்கு விடுங்க. ஆட்சேபம் இல்லாதவங்க கை தூக்கட்டும். முதல்ல நீங்க தூக்குங்க."

டிவியில் அவர் கை டம்ளரைப் பிடித்திருந்தது. இங்கே இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. அவர் தூக்கவில்லை. யாரும் தூக்கவில்லை.

அதற்காக லாரி நின்றுவிடுமா? திங்கட்கிழமை விடிகாலையில் வந்தது. நானும் ஸ்டெஃபியும் பின்கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய்ச் சரளைமேல் நின்றோம். கேமராவை எடுத்துப் போகவில்லை. எதிர்க்கரையில் ஒரு பால்கனிக் கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. காஞ்சனா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கரையோரமாக ஓடிவந்தாள், அவள் பின்னால் யார் யாரோ. ஆள்காட்டி சிறகை விரித்துக்கொண்டு கத்தியது. நாங்களும் கத்தினோம்.