புல்லிக்கு ஒரு பல் டாக்டர்

தம்பிக்குக் கார் என்றால் உயிர். அதிலும் இது சாதாரணக் காரா என்ன? இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்தது; மிதித்தால் சீறும். ஆனால் கொஞ்ச நாளாக, நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடவென்றது. நிறுத்தும் இடமோ படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான். காலையில் அவன் சாவியைத் திருப்பினால் போதும், அப்போதுதான் கண்ணயர்ந்த கைக்குழந்தை வீலென்று எழுந்துவிடும். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் போகாவிட்டால் காரை விற்றுவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்சார்ஜரையே மாற்றச் சொன்னார்கள். தம்பி அதை நம்பவில்லை. பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லிக்குள் மூன்று முளைகளைக் கவ்விக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் வளையங்களான புஷ்கள்தான் தேய்ந்திருக்கும் என்பது அவன் கணக்கு. புது புஷ்ஷும் வாங்கிவிட்டான். தனியாகக் கை வைக்கத்தான் துணிச்சல் வரவில்லை. அதனால் அக்காவைக் கூப்பிட்டான். அக்கா பல் டாக்டர்.

அவள் நெற்றியில் விளக்கும் கையில் உறையுமாக வந்து சேர்ந்தாள். பெல்ட்டைக் கழற்றியதும் புல்லியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"வேரு கெட்டியாத்தான்டா இருக்கு. சுத்தி இருக்கறதுதான் தேஞ்சு போச்சு."

பழைய புஷ்களை நோண்டி எடுத்தார்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை மாதிரி நீண்டு போயிருந்தன. புதியதைத் தம்பி சுத்தியலால் அடிக்கப் போக, அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்து மெல்ல நெருக்கினால் தானே இறங்கும் என்றாள். இறங்கவும் செய்தது. பழக்கதோஷம், ஒவ்வொன்றையும் நெருக்கும்போது வலித்தால் கையைத் தூக்கச் சொல்லிப் புல்லியிடம் கேட்டுக்கொண்டாள்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தம்பி சாவியைத் திருப்பினான். கடகடப்பு போன இடம் தெரியவில்லை. மேலே ஜன்னலில் மனைவி தலையை நீட்டி, குழந்தை தூங்குகிறது என்று ஜாடை காட்டிச் சிரித்தாள். கார் பிழைத்தது. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சந்தோஷம் தாங்காமல் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். சூப்பர்சார்ஜர் தன் பிறவிக் குரலில் ஊளையிட்டது. அது அடங்கியதும் மாடியிலிருந்து இன்னொரு குரல் கிளம்பியது.

மனைவி குழந்தையோடு இறங்கி வந்தாள். இனி விற்க வேண்டியதுதான் என்று அவன் சாவியை அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு, குழந்தையை அவன் தோளில் சாய்த்தாள்.

"எழுப்பினவங்களே தூங்க வைங்க," என்றாள். பிறகு நாத்தனாரிடம் திரும்பி, "ஏறுங்க அண்ணி. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் ஒருதரம் மிதிச்சுப் பாக்கறேன்."

தம்பி குழந்தையைத் தட்டிக்கொண்டு தெருவில் நின்றான். முனை திரும்பும்போது அந்த ஊளை ஒருமுறை கேட்டது. அப்புறம் பெரிய ரோட்டில் இன்னும் நீளமாக, இன்னும் குஷியாக. கார் இனி விற்பனைக்கு இல்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. தன் கைக்கு எப்போது திரும்பி வரும் என்பதுதான் புரியவில்லை.