கங்காணியின் நாலு நிமிடப் பசி

இராசையா கங்காணியின் படம் ஞாயிறு பத்திரிகையில் வந்திருக்கிறது என்ற செய்தி, பத்திரிகைக்கு முன்பாகவே ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏறி வந்துவிட்டது. கடைக்கார இப்றாஹீம் நானா பேப்பரைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, வழக்கமாக நின்று கதைக்கிறவர், நிற்காமல் போனார். அப்போதே கங்காணிக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் கழித்தாவது தன் அருமை கொழும்புக்குத் தெரிந்ததே என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

படத்தில் இருந்தது அவரேதான். ஆனால் கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போடுகிற முழங்கை கிழிந்த சுவெட்டர். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. கண் மட்டும் பனிமூட்டத்தில் எதையோ வெறித்தது. கீழே கொட்டை எழுத்தில்: பெயரற்ற பசி.

எழுதியவர் பதுளை ஸ்ரீஸ்கந்தராஜா. அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். ஞாயிறுதோறும் ‘உலகத் திரை’ என்று ஒரு பத்தி எழுதுவார். போன வருடம் ஸ்பிரிங்வெளியில் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போன படம் ஐரோப்பாவில் எங்கோ பரிசு வாங்கியதாம். அதைப் பற்றித்தான் எழுதியிருந்தார்.

“அந்த நாலு நிமிடமும் கமரா அசையவில்லை. கிழவரும் அசையவில்லை. அவரது கண்ணில் இருநூறு வருடப் பசி மட்டும் அசைகிறது. பாட்டும் கூத்துமாக நம் கண்ணைக் கெடுத்த படங்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, பெயர் தெரியாத இந்தக் கிழவரின் ஒட்டிய கன்னத்தை மறு தட்டில் வைத்தால், கன்னம்தான் கனக்கும்.”

“கெழவனா?” என்றார் கங்காணி முதலில். “பேரு தெரியாதாமா?”

“நீங்க அவங்ககிட்ட பேரச் சொல்லலியா?” என்று மனைவி கருப்பம்மா கேட்டாள்.

“கேட்டாத்தானடி சொல்றதுக்கு!”

அவர் குடும்பத்தில் பசி என்ற சொல்லை வாசலுக்கு வெளியே யாரும் உச்சரித்ததில்லை. எழுபத்துநாலாம் வருடப் பஞ்சத்தில் தோட்டமே மரவள்ளி இலையை அவித்துத் தின்றபோது, அவர் வெறும் வயிற்றோடு வாசலில் வந்து நின்று, நாலு பேர் காதில் விழும்படி ஏப்பம் விட்டவர். உண்மையிலேயே பசித்த காலத்தில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. பசிக்காத காலத்தில் ஐரோப்பா முழுவதும் தெரிந்துவிட்டது.

ஐரோப்பாவைக்கூட அவர் மன்னித்திருப்பார். மடுல்சீமையை மன்னிக்க முடியவில்லை. மடுல்சீமைக் கடை வீரமலையின் மகன் ரஜீவுக்குத்தான் தன் கடைசிப் பெண் கலாராணியைப் பேசி வைத்திருந்தார். அடுத்த மாதம் பரிசம். அன்று பின்னேரமே இப்றாஹீம் கடைப் போனில் வீரமலை கூப்பிட்டார்.

“சம்பந்தி, பேப்பரு பாத்தேனுங்க. மனசு கேக்கல. ஒரு மூட்டை அரிசி லொறியில ஏத்தி விடட்டுங்களா?”

கங்காணியின் காது சிவந்தது. “எங்க வீட்டு நாய்க்கே சோறு மிஞ்சுதுங்க.”

“கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டம்மாதான் யோசிக்குது. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், பொண்ணு குடுக்கிற வீடு பசியில கெடந்தா, நாளைக்கு விருந்துக்கு வர்ற மருமகன் என்னத்தத் திம்பான்னு கேக்குது. பொம்பளைங்க பேச்சு. விடுங்க.”

விடுவதா? மறுநாள் காலை கங்காணி கோட்டைப் போட்டார், தலைப்பாகையைக் கட்டினார், இன்னும் ஈறைக் கடிக்கிற பல்செட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினார். பதுளைக்கு பஸ் ஏறினார்.

ஸ்ரீஸ்கந்தராஜா லீவில் வீட்டில் இருந்தார். சுவர் முழுக்கப் பிறநாட்டுப் படங்களின் சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் சோகமாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவராவது சிரிப்பாரா என்று கங்காணி தேடிப் பார்த்தார். குதிரை ஒன்று பல்லைக் காட்டியது. அதுவும் சிரிப்பா என்று தெரியவில்லை.

“நான்தாங்க அந்தக் கெழவன்” என்றார்.

விமர்சகர் பாய்ந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஐயா! நீங்களோ! உங்கட முகம் எப்பேர்ப்பட்ட முகம் எண்டு உங்களுக்கே தெரியாது.”

“அம்பது வருசமா சவரம் பண்றேனுங்க, தெரியும். எனக்குப் பசி இல்லைன்னு பேப்பர்ல ஒரு வரி போட்டுருங்க. அவ்வளவுதான்.”

“இருங்கோ ஐயா, இருங்கோ. உங்களுக்கு விளங்கேல்லை. அது உங்கட பசி இல்லை. அது படிமம். இந்தியப் படங்களில பசி எண்டால் என்ன செய்வினம்? தாய் அழுவா, வயலின் வாசிக்கும், கதாநாயகன் வந்து பத்துப் பேருக்கு அடிப்பான். ஈரானில, ஜப்பானில அப்பிடி இல்லை. ஒரு மனிசன் சும்மா நிப்பான். நாங்கள் பாத்துக்கொண்டே இருக்க வேணும். கொட்டாவி வரும், வரட்டும். கொட்டாவி விடாமல் பாக்கிற படம் கலை இல்லை எண்டது என்ர கொள்கை.”

“இவர் வீட்டில போடுற படமெல்லாம் அப்பிடித்தான்” என்று தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி ஞானேஸ்வரி சொன்னாள். “போன கிழமை ஒரு படம். ஒருத்தி உருளைக்கிழங்கு உரிக்கிறா. உரிக்கிறா. உரிச்சுக்கொண்டே இருக்கிறா. நான் எழும்பிப் போய் எங்கட கிழங்கையும் உரிச்சு, கறியும் வைச்சிட்டு வந்தன். அவ இன்னும் முடிக்கேல்லை.”

“ஞானம், நீர் உள்ளுக்குப் போம்.”

கங்காணி விடவில்லை. “படிமமோ என்னமோ, என் பொண்ணு கல்யாணம் நிக்கப் போவுதுங்க. பசி இல்லைன்னு எழுதுங்க.”

விமர்சகர் கதிரையை இழுத்து முன்னால் போட்டார். அவருக்கு உண்மையான ஆர்வம் வந்துவிட்டது. “சரி ஐயா, எழுதுறன். ஆனால் பசி இல்லையெண்டால், அந்த நாலு நிமிசமும் உங்கட முகத்தில இருந்தது என்ன? அதைச் சொல்லுங்கோ.”

கங்காணி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

என்னவென்று சொல்வார்? அன்று காலை ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும் மூக்கு முட்டத் தின்றுவிட்டு, கோப்பை கோப்பையாக பிளேன்டீயும் குடித்துவிட்டு, மாட்டைப் பார்த்து வந்த கையோடு, லயத்துக் கோடியில் இருக்கிற கக்கூசுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். வழியை மறித்துக்கொண்டு கமரா நின்றது. பின்னால் இரண்டு வெள்ளைக்காரிகள். பெரிய டைரக்டர் என்றவன் முழங்கால் கிழிந்த காற்சட்டையோடு நின்றான். அவனைப் பார்த்து, பாவம், ஒரு பழைய வேட்டி கொடுக்கலாமா என்று கங்காணிதான் யோசித்தார். கூட வந்த பையன், “ஐயா, அப்படியே அசையாம நில்லுங்க, நம்ம தோட்டத்துக்குப் பெருமை” என்றான். விருந்தாளி கேட்டால் மறுப்பது வழக்கமில்லை. பெண்பிள்ளைகளின் முன்னால் சோலியைச் சொல்லி வழி கேட்பதும் வழக்கமில்லை. பல்செட்டு புதிது, வலிக்கிறது என்று சட்டைப் பையில் இருந்தது. அதனால்தான் கன்னம் ஒட்டியது. கண் வெறித்தது கக்கூஸ் கதவை.

பெரட்டுக் களத்தில், ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடத்தில், காலைதோறும் ஒரு மலைத் தொழிலாளிகள் முழுப்பேரையும் நிற்க வைத்தவர், அன்று தானே நின்றார். இதை எப்படிப் பேப்பரில் போடச் சொல்வது? பசி என்றால் சம்பந்தம் போகும். இது என்றால் மானம் போகும்.

“அது… சும்மா நின்னேனுங்க” என்றார்.

“பாத்தீங்களோ! சும்மா!” விமர்சகர் துள்ளினார். “இதைத்தான் நான் எழுதினனான். ஐயா, வாற பௌர்ணமி, போயா லீவு தினத்தில எங்கட திரைப்படக் கழகத்தில இந்தப் படத்தைப் போடுறம். நீங்கள் கட்டாயம் வர வேணும். மேடையில வைச்சுப் பொன்னாடை போர்த்துவம்.”

பொன்னாடை என்றதும் கங்காணியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. துரைமார்களுக்கு அவர் கையால் எத்தனையோ மாலை போட்டிருக்கிறார். அவர் தோளில் ஒரு துண்டும் விழுந்ததில்லை. கோட்டும் தலைப்பாகையுமாக மேடையில் நிற்பதை வீரமலை பார்த்தால், பேப்பர் பேச்சு தானாக அடங்கிவிடும். சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தார்.

போயா தினத்தன்று மண்டபத்தில் ஆசிரியர்களும் டாக்டர்மாரும் கச்சேரிக்காரரும் நிறைந்திருந்தார்கள். மேசையில் சரிகைப் பொன்னாடை மடித்து வைத்திருந்தார்கள். வீரமலை முன்வரிசையில், கங்காணிக்குப் பக்கத்தில், கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தார்.

படம் தொடங்கியது. மூட்டம் வந்தது. மூட்டம் போனது. ஒரு வாளி தனியாக நின்றது.

“சண்டை எப்பங்க வரும்?” என்றார் வீரமலை.

“உஸ்ஸ்” என்றார்கள் பின்னால்.

“வாளிக்கு யாரு வருவா? வில்லனா?”

“சும்மா இருங்க சம்பந்தி” என்றார் கங்காணி. வாளி இப்றாஹீம் கடையில் வாங்கியது, அடி ஓட்டை, அதனால்தான் யாரும் வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

பிறகு திரை முழுக்க அவருடைய முகம் வந்தது. மண்டபம் மூச்சு விடாமல் பார்த்தது. ஒரு ஆசிரியை மூக்கை உறிஞ்சினார். கங்காணிக்குத் தன் முகத்தைப் பார்க்கக் கூசியது. நாலு நிமிடம் கழித்து, அடுத்த காட்சி தூரத்திலிருந்து முழு ஆளையும் காட்டியது. ஒட்டி நின்ற முழங்கால்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கால்விரல்கள்.

வீரமலை கடலையை மெல்லுவதை நிறுத்தினார். முன்னுக்குச் சாய்ந்தார்.

“அட என்னாங்கடா இது!” என்று மண்டபமே கேட்கக் கத்தினார். “இது பசி இல்லைய்யா! இந்த மனுசன் ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்கிறாருய்யா! யாராச்சும் வழிய விடுங்கய்யா!”

மண்டபம் கொதித்தது. அந்த ஆளை வெளியே போடு என்றார் ஒருவர். லைட்டைப் போட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு, முகம் சிவக்க, மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“இது ஒரு மனிசன்ர பசியைக் கேவலப்படுத்துற கதை! ஐயா, நீங்களே எழும்பிச் சொல்லுங்கோ. அது பசிதானே?”

கங்காணி எழுந்தார். சரிகை கண்ணில் பட்டது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது தோளுக்கு வந்துவிடும், டாக்டர்மார் கை தட்டுவார்கள். பசித்தவன் என்ற பெயரும் கூடவே தோளில் ஏறும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தோளிலிருந்தும் அது இறங்காது. அவர் தலைப்பாகையைச் சரி செய்தார்.

“எங்க வீட்டுல யாரும் பட்டினி கெடந்ததில்லைங்க. அன்னிக்குக் காலையில ரொட்டியும் கருவாட்டுக் கொழம்பும் சாப்பிட்டேன். ரெண்டு பேரு சாப்பாடு. டீயும் கூடிப்போச்சு.” குரல் பெரட்டுக் களத்துக் குரலாகவே வந்தது. “சம்பந்தி சொன்னதுதாங்க நெசம். பொம்பளைங்க நின்னாங்க. கேக்க மனசு வரல. நின்னேன்.”

கடைசி வரிசையிலிருந்து ஞானேஸ்வரியின் சிரிப்பு முதலில் கிளம்பியது. “பேப்பரில படம் வந்த அண்டைக்கே இவரிட்டச் சொன்னனான், சலத்தை அடக்கினால்தான் முகம் அப்பிடிப் போகும் எண்டு!” அதன்பிறகு மண்டபம் அடங்கவில்லை. மூக்கை உறிஞ்சிய ஆசிரியை இப்போது கண்ணைத் துடைத்தார்.

விமர்சகர் பொன்னாடையோடு நடுவில் நின்றார், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்.

“போடுறதுன்னா, சாப்பிட்ட ஆளுக்குன்னு சொல்லிப் போடுங்க” என்றார் கங்காணி. “பேரு இராசையா.”

போட்டார்.

பஸ் நிலையம் வரைக்கும் வீரமலை சிரித்துக்கொண்டே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்குச் சீனி வருத்தங்க, அடிக்கடி ஒண்ணுக்கு முட்டும். மடுல்சீமை பஸ்சுல இந்த முகத்தோடதான் நான் தெனம் போறது. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.” சிறிது தூரம் நடந்தார். “அத்தனை பெரிய மனுசங்க முன்னால இத ஒத்துக்கிட்ட ஆளு, சோத்துல பொய் சொல்ல மாட்டாரு. வீட்டம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அரிசி வேணாம்தானுங்களே?”

“வேணாம். வேணும்னா நான் ஒரு மூட்டை அனுப்புறேன்.”

அடுத்த ஞாயிறு ‘உலகத் திரை’யை இப்றாஹீம் நானா நின்று சத்தமாக வாசித்தார். ஸ்ரீஸ்கந்தராஜா தோற்றதாக ஒப்புக்கொள்கிறவர் இல்லை. படம் தான் நினைத்ததைவிட ஆழமானது என்றும், அந்த நாலு நிமிடமும் அடக்கப்பட்ட உடலின் மகத்தான அரசியல் என்றும், ஐரோப்பியரே காணத் தவறியதை மடுல்சீமை ரசிகர் ஒருவர் கண்டுவிட்டார் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: அவர் பெயர் இராசையா, ஸ்பிரிங்வெளியின் ஓய்வுபெற்ற கங்காணி, அன்று நன்றாகச் சாப்பிட்டிருந்தார்.

“கடைசி வரி மட்டும் நல்லா எழுதியிருக்காரு” என்றார் கங்காணி.

பரிசத்தன்று வீடியோக்காரன் வந்தான். பொன்னாடையும் தலைப்பாகையுமாக இருந்தவரை வாசலில் நிறுத்தி, “ஐயா, கொஞ்ச நேரம் அசையாம நில்லுங்க” என்றான்.

“இருப்பா” என்றார் கங்காணி. பொன்னாடையைக் கழற்றிக் கருப்பம்மாவிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு லயத்துக் கோடிக்கு நடந்தார். “போயிட்டு வந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கிறேன்.”