இரண்டு கண்ணுக்கு இரண்டு சுவர்

“ஒரு கண்ணை மூடினா நம்ம ஹால் சுவர் ஒரு நிறம், இன்னொண்ணை மூடினா வேற நிறம். பெயின்ட் வேண்டாம், பிரஷ் வேண்டாம், கண்ணைச் சிமிட்டியே இந்த வீட்டுக்கு வெள்ளையடிச்சுடுவேன்!”

சோபாவில் சாய்ந்து இப்படி முழங்கியவருக்குப் பெயின்ட் கடையில் ‘கண்ணளவு’ என்று பெயர். நிறம் கலக்கும் மெஷின் மூலையில் தூங்கும். இவர் கண்ணாலேயே கலப்பார். வெள்ளையில் மட்டும் நாற்பது வகை அத்துப்படி. பறக்கிற கொக்கைக் காட்டினால் அதில் எத்தனை சொட்டு மஞ்சள் என்று சொல்வார். இடது கண்ணில் புரை எடுத்து மூன்று நாள் ஆகிறது. வலது கண்ணுக்கு வெள்ளிக்கிழமை. தள்ளிப்போட்டால் பார்வைக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“பெருமை பேசினது போதும். சொட்டு மருந்தை விட்டுக்குங்க,” என்றாள் மனைவி.

அவர் விளையாடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் மழைநீர் இறங்கி உதிர்ந்த இடத்தைப் பூசி, பழைய சுவரோடு சேர்கிற மாதிரி அவரே கலந்து அடித்த வெள்ளை அது. பழைய கண்ணுக்கு இன்றும் ஒரே சுவர். புதுக் கண்ணுக்கோ கூரையோரம் கதவகலத்துக்கு நீலம் பாரித்த திட்டு.

“இங்க வாடி. திட்டு தெரியுதா இல்லையா?”

“சுவர்தான் தெரியுது.”

மகளைக் கூப்பிட்டார். அவள் சுவரைப் பார்க்குமுன் அம்மாவைப் பார்த்தாள். “ஒரே கலர்தாம்ப்பா. புதுக் கண்ணு பழக வேண்டாமா?”

ஸ்டூல் போட்டு ஏறித் தடவிப் பார்த்தார். நிறம் விரலுக்கு அகப்படுமா? இரண்டு பேர் ஒரு பக்கம், ஒற்றைக் கண் ஒரு பக்கம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ரயில்வே சிக்னல் மாதிரி மாற்றி மாற்றிக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார். புதுக் கண் பொய் என்றால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இரண்டுமே பொய். பழைய கண் பொய் என்றால், புரை அன்றைக்கே அதில் மஞ்சள் பூசியிருந்தால்... அந்தக் கணக்கை அவர் முடிக்கவில்லை. ‘அச்சு அசல் இதேதான்’ என்று சத்தியம் செய்து அவர் மூடிக் கொடுத்த டப்பாக்களை அடுக்கினால் நிலாவுக்கே ஏணி கட்டலாம்.

வியாழக்கிழமை காலை போனை எடுத்தார். “ஆஸ்பத்திரிங்களா? நாளைக்கு நான் வரலை. ஒழுங்கா இருக்கறது அந்த ஒரு கண்ணுதான். அதையும் கெடுத்துடாதீங்க.”

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி போனைப் பிடுங்கினாள். “வருவாருங்க, கண்டிப்பா வருவாரு!” வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். திட்டின் பாதியை மறைத்து உயரத்தில் தொங்கிய காலண்டரைக் கழற்றினாள். தேதி பார்க்க ஸ்டூல் தேவைப்படும் இடத்தில் ஆறு வருடமாக அதை ஏன் மாட்டுகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“அன்னிக்கு அடிச்சு முடிச்சுட்டு, ‘ஒட்டுப்போட்ட இடத்தை எவனாவது கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம்’னு குழந்தை மாதிரி குதிச்சீங்க. நான் எந்த வாயால சொல்ல?”

அவர் மெல்லக் கேட்டார். “அப்போ கடைக்கு வந்தவங்க எல்லாரும்... வீட்டுக்கு வீடு காலண்டரா?”

அவள் காலண்டரைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“திட்டு இருக்குங்க. முதல் நாள்லேர்ந்தே இருக்கு.”